திரண்முகில் ஆராய்ச்சியும் செயற்கை மழை முயற்சியும்

வானத்தில் உலவும் முகில்களுள் மக்கள் உள்ளத்தை மிகவுங் கவர்வது திரண்முகிலாகும். காலையிலே தெளிந்து கிடந்த வானில் முற்பகலிற் பஞ்சுப்பொதிபோலத் தோன்றி, நண்பகலில் அடி தட்டையாகவும் முடி கோவாப்பூப்போலப் புடைத்தும் வளர்ந்து, பிற்பகலிற் சில கரைந்தொழிய, வேறு சில கருத்துப் பெருத்து இடியும் மழையுமாய்ப் பொழிகின்றன. ஒரே வெயிலில், ஒரே வளியில், அருகருகே தோன்றிய இரண்டனுள் ஒன்று பொழிவதும் மற்றது ஒரு துளியேனுஞ் சிந்தாது மறைவதும் யாது காரணம் பற்றி? பொழியாது மறைவதனை மனிதன் தன் முயற்சியாற் பொழிவிக்கலாகுமா? இவ்விரு வினாக்களும் வெவ்வேறு காலத்தில் எழுந்தவை. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இவை ஒன்றோடொன்று பிணைந்தன. அப்பிணைப்பின் வரலாற்றையே இக்கட்டுரை கூற முற்படுகின்றது. மழையை எதிர்நோக்கி வாழும் குடியானவனுக்கு இது வெறும் நூலறிவு பற்றிய செய்தியன்று. மழை தருவோம் என்று கூறிப் பணம் பெற்றோரும், அதனை நம்பிக் கொடுத்தோரும் இவ்வரலாற்றிற் பலர்.

முகில்களுக்கு முதன்முதல் முறையாகப் பெயரிட்டவர் இலண்டன் நகரத்து மருந்து வணிகரான லூக் ஹவார்ட் என்பவர். 1802 ஆம் ஆண்டு திசெம்பர் மாதத்தில் ஒரு சிறு அறிஞர் கழகத்தின்முன் அவர் வாசித்த கட்டுரையில், குவியல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஒருவகை முகிலைக் குறித்தார். நாம் திரண்முகில் என்பது அதனையே. பெயரிட்டமை சிறு செயல்போலத் தோன்றினும், எங்கோ ஒருவர் கண்டதை வேறெங்கோ ஒருவர் கண்டதோடு ஒப்புநோக்க வழிவகுத்தது அதுவே. அவருக்குப் பின் அமெரிக்கரான ஜேம்ஸ் எஸ்பி, சூடேறிய வளி மேலெழும்போது விரிந்து குளிர்கின்றது என்பதையும், அதிலுள்ள நீராவி ஒடுங்கும்போது வெளிப்படும் மறைவெப்பமே முகிலை மேலும் மேலும் உயர்த்துகின்றது என்பதையும் விளக்கி 1841 இல் ஒரு நூல் வெளியிட்டார். கொள்கை நன்று. ஆனால் அக்கொள்கையின் வழியே சென்று, பெருங் காடுகளைத் தீயிட்டால் எழும் வெப்பத்தால் மழை பெய்விக்கலாம் என்றும் அவர் வாதிட்டார். அரசினர் அதற்கு இணங்காதது காடுகளின் நற்பேறு எனலாம்.

பின்வந்தோர் எஸ்பியின் அறிவும் இன்றியே அவர்தம் ஆசையை மட்டும் பின்பற்றினர். பெரும் போர்களின்பின் மழை பெய்யும் என்ற பழைய நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டு, 1891 இல் டைறன்போர்த் என்பவர் அமெரிக்கச் சட்டமன்றம் அளித்த பணத்தைக் கொண்டு தெக்சாஸ் மாகாணத்திலே வெடிகளை வானில் வெடிக்கச் செய்தார். 1915 திசெம்பரில் சான் டியேகோ நகரத்தார் தம் நீர்த்தேக்கத்தை நிரப்புவதற்கு ஹற்பீல்ட் என்னும் மழை வணிகரை அமர்த்தினர். அவர் மரக்கோபுரத்தில் ஏதோ இரசாயனக் கலவையை ஆவியாக்கினார். மழை பெய்தது. பெய்தது மட்டுமன்று, அணை உடைந்து உயிர்ச்சேதமும் விளைந்தது. நகரத்தார் பணங் கொடுக்க மறுத்தனர். மழைக்குக் காரணர் ஹற்பீல்டா, இயற்கையா என்பதை எவ்வாறு துணிவது? இவ்வினா அன்று நகைப்புக்கிடமாயிருந்தது. முப்பது ஆண்டுகளின்பின் அதுவே ஓர் அறிவியற்றுறையின் தலையாய வினாவாயிற்று.

அவ்வினாவுக்குச் செல்லுமுன் முகிலின் உள்ளமைப்பை ஒருசிறிது அறிதல் வேண்டும். முகில் ஆவியன்று, அது நுண்ணிய நீர்த்துளிகளின் கூட்டம். அத்துளிகள் தூசி, உப்பு முதலிய நுண்டுணிக்கைகளைக் கருவாகக் கொண்டே தோன்றுகின்றன என்பதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியில் ஸ்கொத்லாந்து அறிஞர் ஜோன் எயிற்கின் முதலியோர் காட்டினர். ஆயின் ஒரு முகிற்றுளிக்கும் மழைத்துளிக்கும் இடையேயுள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஏறத்தாழப் பத்து இலட்சம் முகிற்றுளிகள் சேர்ந்தாலன்றி ஒரு மழைத்துளி உண்டாகாது. அவை எவ்வாறு சேர்கின்றன? மேலும், முகிலின் உயர்ந்த பகுதியிலுள்ள துளிகள் உறைநிலைக்கு மிகக் கீழான குளிரிலும் உறையாது நீராகவே நிற்பதுண்டு. இதனை மீக்குளிர்ந்த நீர் என்பர். இத்தகைய முகிலிற் சில பனிக்கட்டிப் பளிங்குகள் தோன்றுமாயின், சுற்றியுள்ள துளிகளின் ஆவியை அவை கவர்ந்து விரைவிற் பருத்து விழும் என்று சுவீடன் தேயத்து அறிஞர் பெர்யெரோன் 1933 இற் கூறினார். எனவே ஒரு முகில் பொழியாமைக்குக் காரணம் நீரின்மையன்று, பளிங்கின்மையே ஆகலாம் என்ற எண்ணம் பிறந்தது. வெப்பவலய நாடுகளில் உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள முகில்களும் நன்கு பொழிகின்றன என்பதும், அங்கே பெருந்துளி சிறுதுளியோடு மோதி ஒன்றாவதே மழைக்கு வழி என்பதும் பின்னரே அறிஞரால் உரிய அளவிற் கருதப்பட்டன.

1946 ஆம் ஆண்டு யூலையில் நியூ யோர்க் மாகாணத்து ஸ்கெனெக்டடி நகரில், ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வின்சன்ற் ஷேபர் என்பவர் ஒரு குளிர்ப்பெட்டியின் உள்ளே கரிய துணி விரித்து, அதனுள் தம் மூச்சை ஊதி ஒரு சிறு முகிலை உண்டாக்கிப் பல பொருள்களைத் தூவிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் பயன்படவில்லை. வெப்பம் மிக்க ஒருநாள் பெட்டி போதிய அளவு குளிராமையால், அதனைக் குளிர்விக்கவேண்டித் திண்மக் காபனீரொட்சைட்டுத் துண்டொன்றை உள்ளே இட்டார். அக்கணமே பெட்டி முழுதும் பளிங்குகள் மின்னின. குளிரே காரணம் என்பதும், பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகை சதமபாகையில் எக்கருவுமின்றியே துளிகள் உறையும் என்பதும் தெளிவாயின. அவ்வாண்டு நவம்பர் 13 ஆந் திகதி அவர் விமானமேறி, மசச்சூசெற்ஸ் மாகாணத்து கிறேலொக் மலைப்பக்கத்தில் ஒரு முகிலின்மீது சில இறாத்தல் திண்மக் காபனீரொட்சைட்டைத் தூவினார். முகில் பனித்தூவலாக மாறிக் கீழ்நோக்கி இறங்கிற்று. மறுநாளே அவர் தோழர் பேர்ணாட் வொனகற், பனிக்கட்டியின் பளிங்கமைப்பை ஒத்த அமைப்புடைய வெள்ளி அயடைட்டும் அதே பயனைத் தரும் எனக் கண்டார். இரண்டாவது கண்டுபிடிப்பே நடைமுறையில் எளிது. புகையாக்கி நிலத்திலிருந்தே விடலாம்.

இங்கே ஒன்று கருதத்தக்கது. ஷேபர் விதைத்தது திரண்முகிலன்று. அசைவற்றுப் பரந்து கிடந்த படை முகில். அத்தகைய முகிலில் விமானஞ் சென்ற தடம் வானிற் கீறிய கோடுபோலத் தெளிவாகத் தெரியும். தூவாத பகுதி பக்கத்திலேயே சான்றாக நிற்கும். திரண்முகிலோ கணத்துக்குக் கணம் மாறுவது. விதையாவிடினும் வளர்வது, விதைப்பினும் கரைவது. பயன்றரும் மழையைத் தருவது திரண்முகில், ஐயந்திரிபறச் சோதிக்க இடங்கொடுப்பது படைமுகில் என்னும் இம்முரண்பாட்டை அக்காலத்தார் பலர் உணரவில்லை.

உணராதாருள் முதல்வர், வியப்பாயினும், நோபல் பரிசு பெற்ற பேரறிஞரும் ஷேபரின் தலைவருமான ஏர்விங் லாங்மியூர். 1947 ஒக்ரோபரில் அத்திலாந்திக் கடலில் ஒரு சூறாவளியின்மீது திண்மக் காபனீரொட்சைட்டு இடப்பட்டது. பின்னர் அது திசைதிரும்பி யோர்சியா மாகாணக் கரையைத் தாக்கிற்று. அத்திருப்பம் தம் செயலின் விளைவே என்று லாங்மியூர் கருதினார். விதைக்குமுன்பே அது திரும்பத் தொடங்கியிருந்தது என்று பிறர் காட்டினர். 1949 இன் இறுதியிலிருந்து நியூ மெக்சிக்கோவில் வாரந்தோறும் வெள்ளி அயடைட்டுப் புகையை விடுவித்து, ஆயிரம் மைலுக்கு அப்பாலும் ஏழு நாளுக்கொருமுறை மழை பெய்வதைத் தாம் கண்டதாக உரைத்தார். அரசினர் வானிலைத் திணைக்களத்தார் அதனை ஏற்கவில்லை. அதற்கிடையில் வணிகர் புகுந்தனர். மேற்கு மாகாணங்களின் பெரும்பரப்பில் உழவரும் பண்ணையாரும் பணஞ்சேர்த்து விதைப்போரை அமர்த்தினர். 1950 இல் நியூ யோர்க் நகரமே வரட்சிக்கு அஞ்சி ஒரு வானிலை அறிஞரை அமர்த்த, மலைப்பக்கத்து விடுதிக்காரர் ‘எங்கள் விருந்தினரை மழை விரட்டும்’ என வழக்குத் தொடுத்தனர். மன்று அவ்வழக்கைத் தள்ளிற்று. பெய்யாத மழைக்கு நட்டஈடு கேட்போரும், பெய்த மழைக்குக் கூலி கேட்போரும் ஒருங்கே தோன்றிய காலம் அது.

இத்தகைய ஆரவாரத்துக்கு அப்பால், திரண்முகிலையே குறியாகக் கொண்டு நடந்த முதற் சோதனையுள் சிறப்பாகக் குறிக்கத்தக்கது அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்தது. போர்க்காலத்தில் விமானத்திற் பொருத்தும் றேடாரை உருவாக்கிய போவன் என்பவர் சிட்னி நகரில் ஓர் ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கினார். அவர்தங் குழுவினரான குறோஸ், ஸ்குவையர்ஸ் என்னும் இருவர், 1947 பெப்ரவரி 5 ஆந் திகதி பாதேர்ஸ்ற் நகருக்கருகே ஒரு கூட்டத் திரண்முகில்களுள் ஒன்றைத் தெரிந்து அதன் முடியிலே திண்மக் காபனீரொட்சைட்டை இட்டனர். சில நிமிடங்களில் அம்முகிலின் முடி காளான்போல விரிந்து தன் அயலவற்றையெல்லாம் விஞ்சி உயர்ந்தது. றேடாரில் மழைக்குறி தோன்றியது. நிலத்தில் மழையும் விழுந்தது. சுற்றியிருந்த முகில்களில் மழைக்குறி இல்லை. மனிதன் செய்த செயலால் நிலத்தை எட்டிய மழை என்று ஆவணப்படுத்தப்பட்டவற்றுள் இதுவே முதலாவது என்பர். வெற்றியினும் முறையே இங்குப் போற்றத்தக்கது. விதைத்ததனை மட்டும் பாராது, விதையாத அயல் முகில்களையும் அதே கருவியால் அதே நேரத்திற் பார்த்தனர். ஆயினும் ஒரு நாளைய ஒரு முகில் சான்றாகுமா? தெரிந்தெடுத்த முகில் இயல்பாகவே வளரவிருந்த முகிலாயின் யாது செய்வது?

விடை வேண்டின் முகிலின் இயல்பை அறிதல் வேண்டும். அறியவேண்டின் அதனுட் புகுதல் வேண்டும். போரின்போது இடிமுகிலிற் சிக்கிப் பல விமானங்கள் அழிந்தமையால், அமெரிக்க அரசினர் 1946 இல் புளோரிடாவிலும் 1947 இல் ஒகாயோவிலும் ஒரு பெருந்திட்டத்தை நடத்தினர். சிக்காகோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பையர்ஸ் தலைவராகவும், இளைஞரான பிறேயம் துணைவராகவும் அமைந்தனர். இரவுப் போருக்கென ஆக்கப்பட்ட வலிய விமானங்கள் ஐந்து, 5,000 அடி முதல் 25,000 அடி வரை ஒன்றன்மேலொன்றாக ஒரே முகிலினுள் நுழைந்தன. விமானிகள் தம்மை உயர்த்துவதையோ தாழ்த்துவதையோ எதிர்த்துப் போராடாது விட்டுவிடவேண்டும் என்பது கட்டளை. விமானம் எவ்வளவு உயர்ந்தது, தாழ்ந்தது என்பதே வளியோட்டத்தின் அளவு ஆதலின். ஆயிரத்துக்கு மேற்பட்ட முறை அவர்கள் அவ்வாறு புகுந்து மீண்டனர். உயிரைப் பணயம் வைத்த அவ்விளைஞரின் பெயர்களைப் பாடநூல்கள் கூறுவதில்லை. 1949 இல் வெளியான அறிக்கை, முகிலுக்கும் ஒரு வாழ்நாள் உண்டெனக் காட்டிற்று. முதற்பருவத்தில் எங்கும் மேலோட்டமே. முதிர்பருவத்தில் மழை விழ, அது இழுத்துவரும் குளிர்ந்த கீழோட்டமும் மேலோட்டமும் அருகருகே நிகழும். இறுதிப்பருவத்திற் கீழோட்டமே எஞ்ச, முகில் தன் உணவிழந்து அழியும். மழையே முகிலைக் கொல்கின்றது என்பது இதனாற் பெறப்படும்.

வேறொரு செய்தியும் வெளிப்பட்டது. முகிலானது புகைக்கூண்டிற் செல்லும் புகைபோலத் தனித்து எழுவதன்று. சுற்றிலுமுள்ள வறண்ட வளியை அது இடைவிடாது தன்னுள் இழுத்துக் கலந்துகொள்கின்றது என்பதை, கரிபியன் கடற்பரப்பில் எடுத்த அளவைகளிலிருந்து ஸ்ரொமெல் என்பவர் 1947 இற் கணித்தார். அவுஸ்திரேலியரான வோணர் 1955 இல் முகிலின் நீரளவை நேரே அளந்து, கொள்கைப்படி இருக்கவேண்டியதிலும் மிகக் குறைவாகவே அது இருப்பதைக் காட்டினார். அருகருகே நின்ற இரு முகில்களுள் ஒன்று ஏன் கரைகின்றது என்ற வினாவுக்கு ஒரு பாதி விடை இதுவே. மெலிந்த முகில் விரைவில் வறண்ட வளியால் நிறைந்து கரையும். பருத்தது தன் நடுப்பகுதியைக் காத்துக்கொண்டு உயரும்.

இத்துறையில் மேலான பங்கு ஒரு பெண்மணிக்குரியது. ஜோஆன் மல்கஸ் 1949 இல் சிக்காகோவில் வானிலையியலிற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அத்துறையில் அப்பட்டம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண் அவரே. பெண்ணுக்கு இத்துறையில் இடமில்லை என்று அவர் காதுபடக் கூறிய பேராசிரியரும் உளர். திரண்முகில் அக்காலத்துப் பெருமக்களாற் சிறுபொருளாகக் கருதப்பட்டது. அதனாலேயே அது அவருக்கு விடப்பட்டது என்பாருமுண்டு. வூட்ஸ் ஹோல் ஆய்வகத்தின் பழைய கடல்விமானம் ஒன்றிற் கருவிகளைப் பொருத்தி, வியாபாரக்காற்று வீசுங் கடல்களில் முகில்தோறும் புகுந்து அளந்தார். பசிபிக் கடலிற் பன்னூறு மைல் பறந்து முகில்களைப் படச்சுருளிற் பதித்தார். 1958 இல் றீல் என்பாருடன் சேர்ந்து, பூமியின் நடுக்கோட்டை அடுத்த வெப்பம் முழுவதையும் மேல்வளிக்குக் கொண்டுசெல்வன ஒரே காலத்தில் ஏறத்தாழ 1,500 முதல் 5,000 வரையான பெருந் திரண்முகிற் கோபுரங்களே என்று கணித்துக் காட்டினார். சிறுபொருள் எனப்பட்டது உலக வளியோட்டத்தையே இயக்குவதாய் முடிந்தது.

செயற்கை மழைக்கு அவர் தந்த எண்ணம் யாதெனின்: ஒரு கிராம் நீராவி நீராகும்போது ஏறத்தாழ 600 கலோரி வெப்பம் வெளிப்படும், அந்நீர் பனியாகும்போது மேலும் 80 கலோரி வெளிப்படும். முகிலின் முடியிலுள்ள மீக்குளிர்ந்த நீரை ஒரே நேரத்தில் உறையச் செய்தால், அவ்வெப்பத்தால் முகில் மேலும் உயருமன்றோ? உயரின் நெடிது வாழும்; நெடிது வாழின் மழையும் மிகும். எவ்வளவு உயரும் என்பதை விதைக்குமுன்பே கணித்துச் சொல்லும் ஒரு முறையையும் அவர் ஆக்கினார். மழை மிகுந்ததா என்று பின்னர்த் தேடுவதிலும், இன்ன முகில் இவ்வளவு உயரும் என்று முன்னர்க் கூறிவிட்டுச் செய்வது நேர்மையான சோதனை. 1963 ஓகஸ்டில் கரிபியன் கடலில் விதைக்கப்பட்டவற்றுட் சில வெடித்தாற்போல் எழுந்தன. படங்கள் உலகெங்கும் பரவின. ஆயினும் ஐயுற்றோர் ஓயவில்லை. ஆதலின் 1965 இல் 23 முகில்களைத் தெரிந்து, விதைப்பதா விடுவதா என்பதை எழுந்தமானமாகக் குறித்து மூடிய உறைகளில் இட்டு, முகிலை அடைந்த பின்னரே உறையைத் திறந்தனர். 14 விதைக்கப்பட்டன, 9 வாளா விடப்பட்டன. விதைக்கப்பட்டவை மற்றவற்றிலுஞ் சராசரி 1.6 கிலோமீற்றர் மிகுதியாக உயர்ந்தன. அவ்வாண்டிலே அவர் தம்முடன் பணிசெய்த றொபேட் சிம்சனை மணந்து, பின்னர் ஜோஆன் சிம்சன் என்ற பெயரால் அறியப்பட்டார்.

ஆனால் உயரம் வேறு, மழை வேறு. இதற்கிடையில் முன்னைய இடிமுகில் திட்டத்துப் பிறேயம், 1960 முதல் 1964 வரை மிசூரி மாகாணத்திற் கோடைத் திரண்முகில்களை நாள்வாரியாக எழுந்தமான முறையில் விதைத்துப் பார்த்தார். விதைத்த நாள்களில் மழை மிகவில்லை, குறைந்தேயிருந்தது. ஏன்? அத்திட்டத்தின் பகுதியாக முகிலினுட் பறந்து அளந்த கேனிக் என்பவர், உறைகரு மிகச் சிலவே இருக்கவேண்டிய வெப்பநிலையிலும் அம்முகில்களிற் பனித்துணிக்கைகள் ஏராளமாக இருப்பதைக் கண்டார். இயற்கையே முன்கூட்டி விதைத்து வைத்திருந்தது. பனி தானே பெருகும் வழியொன்றை 1974 இல் ஹலெற், மொஸொப் என்போர் ஆய்வுகூடத்திற் காட்டினர். பூச்சியத்துக்குக் கீழ் 3 முதல் 8 பாகை வரையான குளிரில் துளிகள் பனித்துணிக்கையில் மோதி உறையும்போது நுண்சில்லுகள் சிதறுகின்றன. பெர்யெரோனின் எண்ணத்தை எல்லா முகிலுக்கும் பொதுவென்று கொண்டதே விதைப்போரின் பிழை என்பது என் கருத்து. தோல்வி எனப்பட்ட மிசூரித் திட்டம், வெற்றி எனப்பட்ட பலவற்றிலும் மிகுந்த அறிவைத் தந்தது.

சிம்சனும் வூட்லியும் புளோரிடாவில் 1970 முதல் 1976 வரை நடத்திய சோதனையில், ஒரு பரந்த நிலப்பகுதியின் மழை மிகுந்ததற்கான அறிகுறிகள் தென்பட்டன. அதனை உறுதிசெய்தற்கென 1978 முதல் 1980 வரை இரண்டாஞ் சோதனை நடந்தது. உறுதிப்படவில்லை. இதன்பின் அமெரிக்காவில் இத்துறைக்கான பொருளுதவி அருகிற்று. வேறு காரணங்களும் இருந்தன. 1967 முதல் 1972 வரை இந்தோசீனப் போரிற் பகைவரின் பாதைகளைச் சேறாக்குவதற்கு முகில்கள் மறைவாக விதைக்கப்பட்ட செய்தி வெளியாக, 1977 இல் போருக்காகச் சுற்றாடலை மாற்றுவதைத் தடுக்கும் உடன்படிக்கை பன்னாடுகளின் ஒப்பத்துக்கு வைக்கப்பட்டது. 1972 யூன் 9 ஆந் திகதி தென் டக்கோட்டாவின் றப்பிட் நகரில் வெள்ளம் 238 உயிர்களைக் கொண்டது. அன்று அப்பக்கத்திற் சில திரண்முகில்களில் உப்புத் தூவப்பட்டிருந்தது. வெள்ளத்துக்கு அது காரணமன்று என்றனர் ஆராய்ந்தோர். மக்களிற் பலர் அதனை நம்பவில்லை. ‘எம்மால் மழை பெய்தது’ என்று பல்லாண்டு கூறிவந்த ஒரு துறை, ‘இம்மழை எம்மாலன்று’ எனக் கூறும்போது யார் நம்புவர்?

2003 இல் அமெரிக்க ஆராய்ச்சி மன்றம், வேண்டுமென்றே வானிலையை மாற்றும் முயற்சிகள் பயன்றருகின்றன என்பதற்கு ஐயந்திரிபற்ற சான்று இல்லை என்று அறிவித்தது. 2017 இல் ஐடகோ மலைகளின்மேற் குளிர்காலப் படைமுகில்களில் விமானஞ் சென்ற தடத்தே பனி வீழ்ந்ததை றேடார் ஐயத்துக்கிடமின்றிக் காட்டிற்று. ஷேபர் கண்ட கோடு எழுபது ஆண்டின்பின் கருவியிற் பதிந்தது. ஆனால் அதுவும் படைமுகிலே.

நமது நாட்டிலும் 2019 மார்ச்சு மாதத்தில், மின்னுற்பத்திக்கு நீர் குறைந்தமையால், மவுசாகலை, காசல்ரீ நீர்த்தேக்கங்களின் நீரேந்து பரப்பின்மேல் விமானப்படை விமானமொன்று முகில்களை விதைத்தது. மழை பெய்ததென்று செய்தித்தாள்கள் எழுதின. அயலில் விதையாது விடப்பட்ட முகில் எது, அது என்னாயிற்று என்று அவற்றுள் யானறிந்தவரை எதுவும் எழுதவில்லை. அவ்வாண்டிலும் அதற்கு முந்திய ஆண்டிலும் மகாராட்டிரத்துச் சோலாப்பூரில், மழைமறைவுப் பகுதியிலே, புனே வெப்பவலய வானிலை நிறுவனத்தார் 276 திரண்முகில்களைத் தெரிந்து, சிம்சன் செய்தாற்போல எழுந்தமான முறையிற் சிலவற்றில் நீர்கவரும் உப்புத் துணிக்கைகளைத் தூவியும் சிலவற்றை விட்டும் றேடாராலும் மழைமானிகளாலும் அளந்தனர். 2023 இல் வெளியான அவர்தம் முடிவின்படி, விதைத்த இடத்தை அடுத்த நூறு சதுர கிலோமீற்றர்ப் பரப்பில் மழை சராசரி 18 சதவீதம் மிகுந்தது. சில இடங்களில் அதனிலும் மிகவும் கூடியது. எல்லா முகில்களும் விதைப்புக்கு ஏற்றவையல்ல என்றும் அவர்கள் உடன் குறித்துள்ளனர்.